மயிலுக்குப் போர்வை

டிசம்பர் விடிகாலைகளில் புனேயில் வெப்பம் பத்து டிகிரிக்குப் பக்கமாக இறங்கிவிடும். தென்மாவட்டத்துக்காரன் ஒருவன் அந்த நேரத்தில் தெருவில் நடக்கிறான் என்றால் ஒன்று வீட்டில் பால் தீர்ந்திருக்க வேண்டும், இல்லை டாக்டர் மிரட்டியிருக்க வேண்டும். எனக்கு இரண்டாவது. விஷ்ராந்த்வாடி சவுக்கிலிருந்து தானோரி போகும் சாலையில், காதை மஃப்ளரால் சுற்றிக்கொண்டு நடந்தபோது, எதிரே ஒரு சைபீரியன் ஹஸ்கி வந்தது. உடம்பில் சிவப்பு ஸ்வெட்டர். முன்னங்கால்கள் இரண்டுக்கும் கை வைத்து, முதுகில் வெள்ளை நூலால் மான் படம் பின்னியது. நாயின் நாக்கு ஒருபக்கமாக நீளத் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பல் தந்தியடித்த அந்தக் குளிரில் அது இளைத்துக்கொண்டு வந்தது.

கயிற்றின் மறுமுனையில் எங்கள் சொசைட்டி அக்கா. திருநெல்வேலிப் பக்கம். முப்பது வருடமாகப் புனேவாசி.

"ஸ்வெட்டர் எதுக்குக்கா இதுக்கு?"

"குளிருமே தம்பி, பாவம்."

"சைபீரியா நாய்க்கா. பனியில சுருண்டு படுத்துத் தூங்குற ஜாதி."

"அதெல்லாம் இவன் தாத்தாவுக்கு. இவன் இங்க புனே பக்கம் வாகோலியில பொறந்தவன்."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது பேகன் ஞாபகம் வந்தான். கடையெழு வள்ளல்களில் ஒருவன், பழனி மலைப் பக்கத்து அரசன். மழை மேகம் கண்டு ஆடிய மயிலைக் குளிரில் நடுங்குவதாக நினைத்து, தன் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டுப் போனவன். பள்ளிக்கூடத்தில் இதை ஈகைக்கு உதாரணமாகச் சொல்லித்தந்தார்கள். ஈகைதான், மறுக்கவில்லை. ஆனால் மயிலின் பக்கத்திலிருந்து யோசித்தால் ஆடிக்கொண்டிருந்தவன் தலையில் யாரோ ஜமுக்காளத்தைப் போட்ட மாதிரிதானே? தோகையை விரிக்க முடிந்திருக்காது.

செல்லப்பிராணி வளர்ப்பது அந்தப் பிராணிக்கு நியாயமா என்ற கேள்விக்கு நாம் வழக்கமாகத் தரும் பதில், "நான் அதைப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறேன்" என்பது. அக்காவும் அதைத்தான் சொல்வார். பொய்யில்லை. ஆனால் அந்தப் பதில் அக்காவின் மனதைப் பற்றிச் சொல்கிறது, நாயைப் பற்றிச் சொல்லவில்லை. நாயிடமே கேட்க வழி உண்டா? உண்டு. கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளாக விலங்கு நல ஆய்வாளர்கள் இந்த ஒரு வேலையாகவே இருக்கிறார்கள்.

முதலில் அக்காவின் வாகோலி வாதத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அதற்கான விடை 2001இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. மிங்க் என்று ஒரு பிராணி. கீரி மாதிரி நீள உடம்பு, நீர்நாய்க்குத் தூரத்து உறவு, தண்ணீரும் கரையும் சேர்ந்த வாழ்க்கை. அதன் ரோமத்துக்காக மேல்நாடுகளில் கூண்டுப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். பல பத்துத் தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே செத்தவை இந்தப் பண்ணை மிங்குகள். ஆக்ஸ்ஃபோர்டில் ஜார்ஜியா மேசன் குழுவினர் அவற்றின் கூண்டிலிருந்து பல அறைகளுக்கு வாசல் வைத்தார்கள். ஓர் அறையில் விளையாட்டுச் சாமான், ஒன்றில் மாற்றுக் கூடு, ஒன்றில் நுழைந்து திரிய சுரங்கக் குழாய், ஒன்றில் நீந்துவதற்குத் தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு வாசலிலும் தள்ளித் திறக்க வேண்டிய கதவு. கதவின் கனத்தை நாளுக்கு நாள் கூட்டினார்கள். எதற்காக ஒரு பிராணி அதிகப் பாரத்தைத் தள்ளுகிறதோ, அதுதான் அதற்கு அதிகம் வேண்டியது என்பது கணக்கு. மிங்குகள் தண்ணீர்த் தொட்டிக்காகத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக முட்டின. பிறகு ஒருநாள் முழுக்கத் தொட்டியை அடைத்துவிட்டு, சிறுநீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். சாப்பாட்டை நிறுத்தினால் எப்படி ஏறுமோ அதற்கு ஈடாக ஏறியிருந்தது.

பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஆற்றையே பார்க்காத பிராணிக்கு ஆறு வேண்டியிருக்கிறது. பிறந்த ஊர் மாறினாலும் உடம்புக்குள் எழுதியிருக்கும் வேலைகள் அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை. வாகோலியில் பிறந்த ஹஸ்கிக்கும் தோலோடு ஒட்டிய மெத்தென்ற உள்ரோமம் ஒன்று, அதன்மேல் நீண்ட வெளிரோமம் ஒன்று என்று இரட்டைப் போர்வை சைபீரியாவிலிருந்து வந்ததுதான். கூடவே, பனிச்சறுக்கு வண்டியை மைல்கணக்கில் இழுத்து ஓடும் கால்களும்.

கதவைத் தள்ளச் சொல்வது ஒரு வழி. இன்னொரு வழி எனக்கு இன்னும் பிடித்தது. ஒரு நாயைக் கூட்டி வந்து அறையின் இடது மூலையில் கிண்ணம் வைத்தால் அதில் எப்போதும் தீனி இருக்கும், வலது மூலையில் வைத்தால் எப்போதும் காலி என்று பழக்குகிறார்கள். கொஞ்ச நாளில் நாய் தேறிவிடும். இடது என்றால் பாய்ந்தோடும், வலது என்றால் 'போய்ப் பார்ப்போம்' என்று அசைந்து வரும். இப்போது கிண்ணத்தை நட்டநடுவில் வைக்கிறார்கள். நாய் என்ன செய்கிறது? சில நாய்கள் ஓடுகின்றன. சில தயங்குகின்றன. மனச்சோர்வில் இருக்கும் மனிதர்கள் இரண்டுங்கெட்டான் சேதியைக் கெட்ட சேதியாகவே எடுத்துக்கொள்வார்கள் இல்லையா, அதையே விலங்கிடம் பார்க்கும் பரிசோதனை இது. 2004இல் எலிகளிடம் முதலில் செய்து பார்த்தார்கள். 2010இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மெண்டல் குழுவினர், காப்பகங்களில் இருந்த 24 நாய்களிடம் செய்தார்கள். தனியே விட்டால் குரைத்து, கதவைப் பிராண்டி, கண்டதைக் கடித்துக் குதறும் நாய்கள்தாம் நடுக்கிண்ணத்துக்கு மெதுவாகப் போயின. சேட்டைக்காரன் என்று நாம் திட்டும் நாய் உண்மையில் நம்பிக்கை வற்றிய நாய்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அப்படி ஒருவன் இருக்கிறான். பழுப்பு நிற லாப்ரடார். வீட்டில் இருவரும் ஐ.டி. வேலை. காலை ஒன்பது மணிக்கு இரண்டு ஸ்கூட்டர்களும் கிளம்பும். ஒன்பது ஐந்துக்கு பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே ஒரு மூக்கு வெளியே வரும். மதியம் நான் துணி எடுக்கப் போனால் அதே மூக்கு அதே கம்பியில். லோகேகாவ் விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய் கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். நாம் கேட்கும் ஒலியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அதிர்வெண் கொண்ட ஒலிகளையும் கேட்கும் காது அதற்கு. அப்போது மட்டும் மூக்கு உள்ளே போய்விடும். ராத்திரி எட்டு மணிக்குக் கதவு திறக்கும். விஷ்ராந்தி என்றால் மராத்தியில் ஓய்வு. ஊர்ப்பெயருக்குப் பங்கம் வராமல் பதினோரு மணி நேரம் ஓய்வெடுக்கிறது அந்த நாய். ஓய்வுதான் அதன் நோய்.

அந்த வீட்டுப் பையன் ஒருநாள் லிஃப்டில் சொன்னான்: "சோபாவைக் கிழிச்சிட்டான் அங்கிள். தப்பு பண்ணிட்டோம்னு அவனுக்கே தெரியுது. நான் உள்ள நுழைஞ்சதும் காதை மடிச்சு, தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிறான்." எல்லா நாய் வீட்டிலும் கேட்கும் கதை இது. 2009இல் நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்தார். உரிமையாளர் நாயிடம் தீனியைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வெளியே போவார். சில தடவை நாய் தின்றிருக்கும், சில தடவை தின்றிருக்காது. திரும்பி வரும் உரிமையாளரிடம் சில சமயம் உண்மையையும் சில சமயம் பொய்யையும் சொன்னார்கள். தின்ற நாய், தின்னாத நாய் என்ற வித்தியாசமே இல்லாமல், எந்த நாயை உரிமையாளர் திட்டினாரோ அந்த நாய் குற்றவாளி முகம் காட்டியது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்கள் இன்னும் கூடுதலாகக் காட்டின. அது குற்ற உணர்வு இல்லை, பயம். எதற்கு என்று தெரியாத பயம்.

இதே ஹோரோவிட்ஸ் சில ஆண்டுகள் கழித்து, சார்லட் டுராண்டன் என்பவரோடு சேர்ந்து அந்தக் கிண்ணப் பரிசோதனையை வீட்டு நாய்களிடம் செய்தார். 2019இல் வெளியானது. நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு குழுவுக்கு மோப்பம் பிடித்துத் தீனி தேடும் விளையாட்டு, மற்றதற்கு எஜமானின் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி. இரண்டிலும் தீனி உண்டு, நடை உண்டு, எஜமானின் கவனம் உண்டு. மோப்பக் குழு நாய்கள் மட்டும் இரண்டு வாரத்துக்குப் பிறகு நடுக்கிண்ணத்துக்கு முன்னைவிட வேகமாக ஓடின. ஒட்டி நடந்த நாய்களிடம் மாற்றமில்லை.

நாய்க்கு மூக்குதான் கண். மணத்தை உணரும் செல்கள் நமக்கு ஐம்பது அறுபது லட்சம் என்றால் நாய்க்குப் பல கோடி. மூச்சு உள்ளே போகும் வழியிலேயே ஒரு பங்கு காற்று மணம் பார்ப்பதற்கென்று தனியாகப் பிரிந்து பின்னால் போகிறது. வெளியே விடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாகப் போவதால், முன்னால் இருக்கும் மணம் கலையாமல் இருக்கிறது. தெருமுனை மின்கம்பம் அதற்கு அன்றன்றைய தினத்தந்தி. யார் வந்தார்கள், ஆணா பெண்ணா, எப்போது போனார்கள் எல்லாம் அதில் இருக்கும். நாம் என்ன செய்கிறோம்? செல்போனில் பேசிக்கொண்டே 'ச்சல், ச்சல்' என்று கயிற்றைச் சுண்டுகிறோம். தலைப்புச் செய்தி படிப்பதற்குள் பேப்பரைப் பிடுங்குவதுதான் அது.

இவ்வளவு கஷ்டமென்றால் அவிழ்த்துவிட்டுவிடலாமே, தெருநாய் சுதந்திரமாகத்தானே திரிகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஆலந்தி சாலை ஓரத்துத் தெருநாய்களைப் பார்த்து நானும் ஒருகாலத்தில் அப்படி நினைத்திருக்கிறேன். மூக்குக்கு வேலை, கூட்டாளிகள், பகலில் டீக்கடை நிழல், இரவில் வாட்ச்மேனோடு கூட்டுக் காவல். கொல்கத்தாவின் ஐசர் (IISER) அறிவியல் கல்வி நிலையத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து கணக்கெடுக்கிறது. 2016இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, பிறந்த குட்டிகளில் இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம்தான். செத்தவற்றில் 63 சதவீதச் சாவுக்கு மனிதர்களே ஏதோ ஒரு விதத்தில் காரணம். நூறு குட்டியில் எண்பத்தொன்று ஏழெட்டு மாதம் தாண்டவில்லை. நாம் டீக்கடை நிழலில் பார்ப்பது மிச்சமிருக்கும் பத்தொன்பதை.

அதே குழு இன்னொன்றையும் கண்டது. அறிமுகமில்லாத ஓர் ஆள் திரும்பத் திரும்ப வந்து தீனி கொடுத்தால் தெருநாய்க்கு வரும் நம்பிக்கையைவிட, அதே ஆள் தலையைத் தடவிக்கொடுத்தால் வரும் நம்பிக்கை அதிகம். யாரும் பழக்காத, யாருக்கும் சொந்தமில்லாத நாய் அது. அதற்கும் மனிதக் கை வேண்டியிருக்கிறது.

இங்கேதான் நாயின் வழக்கு மற்ற பிராணிகளின் வழக்கிலிருந்து பிரிகிறது. நாய் நம்மிடம் வந்து பதினையாயிரம் ஆண்டுகளாவது ஆகிறது. விவசாயம் வருமுன்பே, மாடு ஆடு வருமுன்பே வந்துவிட்டது. ஜெர்மனியில் ஓபர்காசல் என்ற இடத்தில் சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை ஒன்றில் ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஏழு மாதம்கூட நிரம்பாத நாய்க்குட்டி ஒன்று. குட்டியின் பற்களில் இருந்த தழும்புகளை 2018இல் ஆராய்ந்தவர்கள், அது டிஸ்டெம்பர் நோயில் பல வாரம் கிடந்திருக்கிறது என்றார்கள். யாராவது சுத்தம் செய்து, தண்ணீர் புகட்டி, சூடாக வைத்திராவிட்டால் அத்தனை வாரம் பிழைத்திருக்காது. நோயாளிக் குட்டியால் வேட்டைக்கோ காவலுக்கோ பயனில்லை. வெறும் பாசம்தான்.

பழக்கிய விலங்கும் வளர்ப்பு விலங்கும் ஒன்றில்லை. பழக்கம் ஓர் ஆயுளோடு போய்விடும். வளர்ப்பு என்பது மரபணுவுக்குள் இறங்கிய மாற்றம். 1959இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் திமித்ரி பெல்யாயேவ் என்ற மரபியலாளர், பண்ணை நரிகளில் மனிதனைக் கண்டு அதிகம் பயப்படாதவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து இனம் சேர்த்தார். வேறு எதையும் பார்க்கவில்லை, சாந்தம் ஒன்றுதான் தகுதி. பத்துத் தலைமுறை ஆவதற்குள் வாலாட்டும், கையை நக்கும் நரிக்குட்டிகள் பிறந்தன. கேட்காமலே சிலவற்றுக்குக் காது தொங்கியது, வால் சுருண்டது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு விழுந்தது. நாய்க்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான், ஆய்வாளர் இல்லாமல் ஆயிரமாயிரம் ஆண்டுகளில். ஜப்பானில் 2015இல் செய்த ஆய்வில், நாயும் எஜமானும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் ஏறுகிறது என்று கண்டார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையில் சுரக்கும் அதே பொருள். கையில் எடுத்து வளர்த்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. அமெரிக்காவில் கிரிகரி பெர்ன்ஸ் மயக்க மருந்தில்லாமல் நாய்களைத் தாமாகவே எம்.ஆர்.ஐ. குழாயில் அசையாமல் படுக்கப் பழக்கி, மூளையைப் படமெடுத்தார். பதினைந்து நாய்களில் பதின்மூன்றின் மூளை, தீனிக்குத் துள்ளிய அளவுக்கோ அதற்கு மேலோ எஜமானின் பாராட்டுக்குத் துள்ளியது.

ஆகவே என் தீர்ப்பு: நாய் வளர்ப்பது நியாயம்தான். மனிதன் இல்லாத வாழ்க்கை நாய்க்கு விடுதலை ஆகாது. ஆனால் மனிதனை வேண்டித் தவிக்கும்படி உடம்பையும் மூளையையும் செய்துவிட்டு, அதைப் பதினோரு மணி நேரம் பூட்டி வைப்பது நியாயமில்லை. இரண்டு ஸ்கூட்டரும் ஒரே நேரத்தில் கிளம்பும் வீட்டில் நாய் வாங்கக் கூடாது. வாங்கியாகிவிட்டதென்றால் பகலில் ஒருமுறை வந்து வெளியே கூட்டிப்போக ஆள் வேண்டும், நடையில் பாதியாவது மூக்கு இழுத்த வழிக்குப் போக வேண்டும்.

நாய் நியாயம்தான் என்றேன். பக் நாய் அதில் சேராது. 2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் போகுமிடமெல்லாம் பின்னால் போன பக் நாயை இந்தியாவே கொஞ்சியது, அதன்பின் தெருவுக்குத் தெரு பக். அந்தச் சப்பை மூக்குக்கு அது கொடுக்கும் விலையை யாரும் விளம்பரத்தில் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக மூக்கெலும்பைக் குட்டையாக்கினார்கள். எலும்பு குறைந்ததே தவிர, உள்ளே இருக்கும் சதையும் அண்ணமும் நாக்கும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பெரிய தலையணையைச் சின்ன உறையில் திணித்த கதை. மூச்சுக்குழல் வாயில் பாதி அடைத்துக்கொள்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கிலும் மூக்கின் ஈரச் சுருள்களிலும் காற்று ஓடித்தான் சூடு தணிய வேண்டும். அந்தச் சுருள்களுக்கே இடமில்லாமல், ஏப்ரல் மாதம் நாற்பது டிகிரி புனேயில் ஒரு பக் நாய் மாடிப்படி ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நாம் செல்லமாகக் குறட்டை என்கிறோம். அது மூச்சுத் திணறல். லண்டன் அரச கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் 2022இல், உடல்நலக் கணக்கில் பக் நாயை இனி ஒரு சராசரி நாயாகவே கருத முடியாது என்று எழுதினார்கள். இந்த அநியாயம் வளர்க்கும் வீட்டில் தொடங்குவதில்லை, இனம் சேர்க்கும் இடத்தில் தொடங்குகிறது. அதனால் எவ்வளவு அன்பாக வளர்த்தாலும் தீராது.

அன்பு அளவு மீறினால் என்ன ஆகும் என்பதையும் புனே பார்த்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஹடப்சரில் ஓர் அடுக்குமாடி ஃபிளாட்டுக்குள் 300க்கும் மேற்பட்ட பூனைகள் இருப்பது நாற்றம் தாங்காத அக்கம்பக்கத்தார் புகாரால் வெளியே வந்தது. பூனை தனி வேட்டைக்காரன். தானியக் குதிர் எலிகளுக்காக நம் வீட்டுக்கு வந்து, சமமாக நின்று பேரம் பேசித் தங்கிவிட்ட பிராணி. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் பக்கத்தில் ஒரு பூனையைப் புதைத்திருக்கிறார்கள். தன் எல்லையை மணத்தால் குறித்து வைத்து வாழும் அதற்கு, இன்னும் முந்நூறு பேரின் மணம் நிறைந்த நான்கு சுவர் எப்படி இருக்கும்? இப்படிச் சேர்த்துக்கொண்டே போவதை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, பொருள் பதுக்கும் மனநோயோடு சேர்த்துப் பேசியது. பூனைகளோடு அந்த மனிதர்களுக்கும் உதவி தேவை.

சட்டம் என்ன செய்கிறது? நம் நாட்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது 1960இல். அதற்கு வித்திட்டவர் நம்மூர் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவுக்காக அவரை அறிந்தவர்கள், மாநிலங்களவையில் விலங்குகளுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அவர்தான் என்பதை அவ்வளவாக அறிவதில்லை. அந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் ஒரு வரி இருக்கிறது: எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை உரிமையாளர் நடமாட விடாமல் இருப்பது குற்றம். மூன்றாம் மாடி மூக்குக்காகவே எழுதியது போல இருக்கும். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல். விஷ்ராந்த்வாடி சவுக்கில் ஒரு பிளேட் போஹாவும் இரண்டு டீயும் அதில் வராது.

இன்னொரு வேடிக்கை. பசி, அசௌகரியம், நோய், பயம் இவற்றிலிருந்து விடுதலை, இயல்பாக நடந்துகொள்ளும் விடுதலை என்ற ஐந்து சுதந்திரங்கள் பிரிட்டனில் பண்ணை விலங்குகளுக்காக வகுக்கப்பட்டவை. 2014இல் அவற்றை நம் உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்துக்குள் வாசித்துச் சேர்த்தது. எந்த வழக்கில் என்கிறீர்கள்? ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்ட வழக்கில். தமிழர்கள் அந்தத் தீர்ப்பின்மேல் கோபித்துக்கொண்டதில், அதற்குள் இருந்த ஐந்தாவது சுதந்திரத்தை, இயல்பாக நடந்துகொள்ளும் சுதந்திரத்தை, யாரும் நிதானமாகப் படிக்கவில்லை. மாட்டுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதில் வாதம் இருக்கலாம். கூண்டுக் கிளிக்கு எப்படிப் பொருந்தும் என்பதில் வாதமே இல்லை.

கிளிக்கு வருகிறேன். எங்கள் எதிர்க் கட்டடத்தில் தரைத்தள ஜன்னலில் ஒரு கூண்டு தொங்குகிறது. உள்ளே ஒரு பச்சைக்கிளி, கழுத்தில் ரோஜா நிற வளையம். போவோர் வருவோரெல்லாம் "மிட்டூ, மிட்டூ" என்பார்கள், அதுவும் "மிட்டூ" என்னும். குழந்தைகளுக்குச் சிரிப்பு. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் எரவாடா பக்கத்துப் பெரிய மரங்களை நோக்கிக் காட்டுக்கிளிகள் கூட்டங்கூட்டமாகக் கத்திக்கொண்டே போகும். அந்தச் சில நிமிடங்களில் இந்தக் கிளி மிட்டூ சொல்லாது. கூண்டுக் கம்பியின் மேல்மூலைக்கு ஏறி, தலையைச் சாய்த்து, வேறொரு குரலில் கீச்சிடும். சத்தம் ஓய்ந்ததும் இறங்கி வந்து, கம்பியின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு, வலதிலிருந்து இடதுக்கு நடக்கும். எண்ணிப் பார்த்தேன். நாற்பது தடவைக்குப் பிறகு எனக்குத்தான் அலுத்துப்போனது. பயனில்லாமல், மாற்றமில்லாமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதை விலங்கியலாளர்கள் சிறைப்பட்ட விலங்கின் அடையாளமாகவே வைத்திருக்கிறார்கள்.

நாய்க்கு நடந்த பதினையாயிரம் ஆண்டு ஒப்பந்தம் கிளிக்கு நடக்கவில்லை. கூண்டில் இருக்கும் ஒவ்வொரு நாட்டுப் பச்சைக்கிளியும், அல்லது அநேகமாக ஒவ்வொன்றும், ஏதோ ஒரு மரப்பொந்திலிருந்து குஞ்சாக எடுக்கப்பட்டது. கூட்டமாக வாழும் பறவையைத் தனியாக வைத்தால் உடம்பின் அடி ஆழம்வரை அது தெரிகிறது. நம் குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்று ஒரு பகுதி உண்டு. புடவை நுனியில் நூல் பிரியாமல் இருக்கக் குஞ்சம் முடிவது போன்றது. செல் பிரியப் பிரிய அது தேயும். மன அழுத்தம் இருந்தால் இன்னும் வேகமாகத் தேயும். ஆப்பிரிக்கச் சாம்பல்கிளிகளில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2014இல் அதை அளந்தார்கள். ஜோடியோடு வைத்த கிளிகளைவிடத் தனியே வைத்த கிளிகளுக்குக் குஞ்சம் குட்டை. தனிமை, அந்தப் பறவைகளை வயதைவிடச் சீக்கிரம் கிழவாக்கிக்கொண்டிருந்தது.

நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது பலருக்குச் செய்தியாகவே இருக்கும். 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் பா.ம.க. வேட்பாளராக நின்ற இயக்குநர் தங்கர் பச்சானுக்குக் கிளி சீட்டு எடுத்து வெற்றி என்றது. சேதி பரவியதும் வனத்துறை வந்து ஜோசியரைப் பிடித்து, கிளிகளைக் கைப்பற்றியது. அரசியல் பழிவாங்கல் என்றார்கள் சிலர். இருக்கலாம். எனக்குத் தோன்றியது வேறு: இத்தனை வருடம் ஊர் ஊராகக் கிளி ஜோசியம் பார்த்தவர்களில் ஒருவருக்காவது அந்தக் கூண்டு சட்டவிரோதம் என்று பட்டதா? எனக்கும் பட்டதில்லை. எங்கள் ஊர்க் கீழரத வீதி முனையில் சிறகு நறுக்கிய கிளி தத்தித் தத்தி வந்து எனக்கு எடுத்துக் கொடுத்த முருகன் படம் இன்னும் நினைவிருக்கிறது. ஒரு நெல்மணிக்காக அது வெளியே வந்தது, ஒரு நெல்மணிக்காக உள்ளே போனது. கடலூர்க் கிளியின் வாக்கும் பலிக்கவில்லை. அங்கே காங்கிரஸின் விஷ்ணு பிரசாத் ஜெயித்தார்.

ஹஸ்கி அக்காவிடம் மிங்க் கதையைச் சொன்னேன். முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் இப்போது ஸ்வெட்டர் இல்லாமல், விடிவதற்கு முன்னாலேயே, ஓட்டமும் நடையுமாக அழைத்துப் போகிறார். "ஒவ்வொரு போஸ்ட்லயும் அஞ்சு நிமிஷம் நிக்கிறான் தம்பி, கால் கடுக்குது" என்று புகார் மட்டும் குறையவில்லை.

எதிர்க் கட்டடத்துக் கிளி வீட்டாரிடம் பேசுவதற்குத்தான் இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. அவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை, தமிழ் தெரியாது. படிக்கிறவர்கள் வீட்டில் பச்சைக்கிளி இருந்தால் ஒரு வார்த்தை. மனம் இளகிக் கூண்டைத் திறந்துவிட்டுவிடாதீர்கள். குஞ்சிலிருந்து கையில் வளர்ந்த, சிறகு நறுக்கிய கிளிக்கு இரை தேடவும் தெரியாது, பருந்தை அடையாளம் காணவும் தெரியாது. அரை நாளில் காக்கைகள் கொத்திவிடும். அதுவும் மயிலுக்குப் போர்வைதான். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். சிறகு முளைக்கவிட்டு, மற்ற கிளிகளோடு பழக்கி, பறக்க முடிந்தபின் விடுவார்கள். மகாராஷ்டிரத்தில் வனத்துறையின் உதவி எண் 1926.